பச்சை மை

அக்கா, உன் கொழுந்தன் பையனுக்கு இங்க மேல்படிப்போட டி.ஏ. வேலையும் கிடைச்சிருக்கு, ஏத்துக்கலாமான்னு கேட்டியே. கண்ண மூடிட்டு ஏத்துக்கச் சொல்லு. பேராசிரியருக்கு உதவியா பாடம் எடுக்கணும், பேப்பர் திருத்தணும், அவ்ளோதான். ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் சம்பளம், ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ். நாப்பது பேர் முன்னாடி நின்னா கூச்சமும் போயிடும்.

இன்னொரு லாபமும் இருக்கு. அத ஃபோன்ல டைப் அடிச்சா பாதியில அழிச்சிடுவேன், அதான் வாயாலயே பேசிப் பதிஞ்சு அனுப்புறேன்.

எனக்கு நர்ஸிங்குக்குப் போகப்போற பிள்ளைங்களோட புள்ளியியல் வகுப்பு. அறிவழகன்ங்கற என் பேரு அவங்க வாயில வராம 'ஆரி' ஆக்கிட்டாங்க. இங்க வாத்தியாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சிவப்பு மையில திருத்தக் கூடாது, பிள்ளைங்க மனசு நோகுமாம். நான் பச்சையிலதான் திருத்துவேன்.

முன் வரிசையில ஷெல்பி. காலையில பேன்கேக் கடையில வேலை பாத்துட்டு, பாகு வாசனையோட ஓடி வருவா.

"ஆரி, இந்த ஃபார்முலாவக் கண்டுபிடிச்சவன் எங்க இருக்கான்? நாலு சாத்து சாத்தணும்."

"அவன் செத்துட்டான்டி. உன்ன மாதிரி ஒருத்தி கேள்வி கேட்டே கொன்னுருப்பா"ன்னு பக்கத்து சீட்டு கோல்பி சொல்லுவான். நானும் சிரிப்பேன்.

அக்டோபர்ல பிள்ளைங்க பேர் போடாம, டி.ஏ. எப்படின்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட் கட்டோட என் கையில குடுத்தாரு. ஒரு சீட்டு மட்டும் பச்சை மையில. 'ஆரி பேசுறது ஒரு எழவும் புரியல. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா போடுங்க.'

"மனசுல வச்சுக்காதப்பா. ஆனா அடுத்த வருஷ டி.ஏ. பட்டியல் போடுறப்ப இதையும் பாப்பாங்க"ன்னாரு.

பட்டியல்ல பேர் இல்லன்னா ஃபீஸ் கட்ட வழியில்ல. படிப்பு போச்சுன்னா விசா போச்சு. உங்க முன்னாடி வந்து நிக்கணும்.

ஷெல்பி எப்பவும் பச்சையிலதான் எழுதுவா.

நான் அவகிட்ட அதப் பத்திக் கேக்கல. அன்னையிலேர்ந்து எல்லாத்தையும் ரெண்டு தடவ, நிறுத்தி நிதானமா சொன்னேன். "இப்ப நல்லா புரியுது ஆரி"ன்னு அவ தலையாட்டுறப்பல்லாம் என்னமா நடிக்கிறான்னு நினைச்சுக்குவேன். எரிச்சல வெளிய காட்டுனதில்ல.

டிசம்பர் பரீட்சைக்கு நான்தான் மேற்பார்வை. கோல்பி ஷெல்பியோட பேப்பரப் பாத்து மூணாவது, நாலாவது கணக்கு எழுதினான். என் கண்ணால பாத்தேன். ரெண்டு பேப்பர்லயும் ஒரே எடத்துல ஒரே தப்பு. அப்படி வந்தா யார் யாரப் பாத்து எழுதினாங்கன்னு டி.ஏ. ஒரு வரி எழுதிக் குடுக்கணும். ஷெல்பிதான் கோல்பியப் பாத்து எழுதினதா எழுதிக் குடுத்தேன்.

"நேர்ல பாத்தது நீதான?"ன்னாரு லிண்ட்க்விஸ்ட்.

"நான்தான்."

"அப்ப சரி."

நான் சொன்ன லாபம் இதுதான். நம்ம வார்த்தைக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

விசாரணையில அவ என்னையேதான் பாத்தா. "ஆரி, நீ அங்கதான நின்ன? சொல்லேன் ப்ளீஸ்."

"பாத்தத எழுதியிருக்கேன்"னு நிறுத்தி நிதானமா சொன்னேன். அன்னைக்கு என் இங்கிலீஷ் எல்லாருக்கும் புரிஞ்சுது.

அவளோட நர்ஸிங் சீட்டு போச்சு. இப்ப முழு நாளும் பேன்கேக் கடையிலதான் இருக்கா. என் பேர் பட்டியல்ல வந்துடுச்சு.

நீயே நியாயம் சொல்லு அக்கா. என் பொழப்புல மொதல்ல கை வச்சது அவதான? பச்சை மைய விட வேற என்ன சாட்சி வேணும்? மொத வாரமே ஒரு டப்பா பச்சைப் பேனா வாங்கிட்டு வந்தா. "ஆரிக்குச் சிவப்பு கூடாதாம், நாம எல்லாருமே பச்சையில எழுதுவோம்"னு வகுப்பு முழுக்க ஆளுக்கு ஒண்ணு குடுத்தா. கோல்பிக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. அவ பேப்பர்ல சைபர் போட்டது அந்தப் பேனாவாலதான்.