ஆறாம் அத்தியாயத்தைக் கேட்காத நடுவர்

மேடையில் வீற்றிருக்கும் ஒலிநூல் மன்றத் தலைவர் ஆத்தப்பன் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அருள்செல்வன் அண்ணனின் துணைவியார் ஜெபக்கனி அக்கா அவர்களே, வேலை முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த ராஜா முகமதுவின் வணக்கம். அழுதுகொண்டே பேசினால் அக்காவிடம் திட்டு வாங்குவேன். "அவுக சிரிச்ச முகமாத்தான் போனாக, நீங்க மூக்கச் சிந்தாதீக" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே சிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

நடுவர் திலகம் அருள்செல்வன் அண்ணன் யார்? மெஞ்ஞானபுரத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். கறையோ ஓட்டையோ கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் விடமாட்டார். தைத்துக்கொண்டே கேட்க ஒலிநூல் வேண்டும் என்று நம் மன்றத்தைத் தொடங்கினோம். என்ன கேட்க ஆசை என்று உங்களிடம் சீட்டு எழுதி வாங்கினோம். கதை வேண்டும் என்று ஒருவராவது எழுதினீர்களா? பாதிச் சீட்டில் தற்காப்பு, மீதியில் கிறிஸ்தவ நம்பிக்கை. இரண்டுக்கும் ஆண்டுதோறும் பரிசு என்று முடிவானது. நடுவர்கள் அண்ணனும், மங்கலத்தில் தறி ஓட்டும் நானும்.

"கிறிஸ்தவ நூலுக்கு நான் எதுக்குங்கண்ணா?" என்றேன்.

"நம்புறவன் எதச் சொன்னாலும் தலையாட்டிருவான் பாய். நீருதான் குறுக்குக் கேள்வி கேப்பீரு" என்றார்.

கேட்டேன். ஒன்பது ஆண்டுகள் கேட்டேன், சண்டை போட்டேன். ஒரு நாளாவது டீ வாங்கித் தராமல் என்னை அனுப்பினாரா? இல்லை.

தவறே செய்யாத மனிதர் என்று அவரைப் புகழ்ந்தால், அவரே எழுந்து வந்து என் மைக்கைப் பிடுங்குவார். கம்பெனியில் ஆயிரம் பனியன் வந்தால் ஆயிரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கங்கே எண்பது உருவிப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். அண்ணன் கைக்குப் பழகியது எங்கள் காதுக்கும் வந்துவிட்டது. எட்டு மணி நேர ஒலிநூலில் அங்கங்கே பத்து நிமிடம் கேட்போம், மார்க் போடுவோம். அப்படித்தான் மூன்றாண்டுக்கு முன் ஒரு தற்காப்பு நூலுக்கு முதல் பரிசு கொடுத்தோம். அதன் ஆறாம் அத்தியாயத்தை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மண்ணரையில் குடியிருக்கும் ஓவர்லாக் டெய்லர் பிரியங்கா கேட்டார். நாங்கள் பரிசு கொடுத்த நூல் என்று நம்பிக் கேட்டார். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தபோது, அந்த அத்தியாயம் சொன்னபடியே கையைத் திருப்பினார். திருப்ப வேண்டிய பக்கத்தை நூல் தலைகீழாகச் சொல்லியிருந்தது. பிடி விடவில்லை, மணிக்கட்டுதான் பிசகியது. கூட இருந்த பெண்கள் கூச்சல் போட்டதில் அவன் ஓடிவிட்டான். ஆனால் ஒரு மாதம் பிரியங்காவால் மெஷினில் உட்கார முடியவில்லை.

நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையோடு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முழுசாக் கேட்டுத்தான் மார்க் போட்டீங்களாங்க?"

நான் மென்று முழுங்கினேன். அண்ணன் சொன்னார்: "இல்லம்மா. கேக்கல."

எத்தனை பேருக்கு வரும் அந்த வார்த்தை? அந்த ஆண்டு விழாவில் மேடையேறி, பரிசைத் திரும்பப் பெறுகிறோம், பிழையில் பாதி நூலாசிரியருடையது, பாதி என்னுடையது என்று அறிவித்தார். எனக்குப் பங்கு வைக்க மறந்துவிட்டார். நானே எழுந்து கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு நொடி விடாமல் கேட்டோம். தற்காப்பு நூல் என்றால் செய்தும் பார்த்தோம். "கழுத்தப் பிடியும் பாய்" என்பார். பிடித்தால் அடுத்த நொடி நான் அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் கிடப்பேன். நான் எவ்வளவு தூரம் போய் விழுந்தேனோ, நூலுக்கு அவ்வளவு மார்க்!

பழைய பரிசு நூல்களையும் விடவில்லை, எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். கிறிஸ்தவ நூல் ஒன்றில் ஐந்தாம் மணி நேரத்தில் ஒரு போதனை இருந்தது: அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்கிறவளுக்குப் பரலோகத்தில் கிரீடமாம். அந்தப் பரிசையும் திரும்பப் பெற்றார். அவருக்கு வேண்டியவர்களே வீடு தேடி வந்து, மறு கன்னத்தைக் காட்டு என்பது வேதமில்லையா என்று சண்டை பிடித்தார்கள்.

"என் கன்னம்னா காட்டுவேன். அடுத்தவ கன்னத்தக் காட்ட நான் யாருய்யா?" என்றார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த ஆண்டுக்கு வந்தவை பதினோரு நூல்கள். எட்டுக்கு மார்க் போட்டுவிட்டு அண்ணன் போய்விட்டார். அவர் இடத்துக்கு யார்? நேற்று அக்கா வீட்டில் பிரியங்காவைப் பார்த்தபோது, மீதி மூன்றுக்கும் நீங்கள் நடுவராக வருவீர்களா என்று கேட்டேன்.

"வரேனுங்க. ஆனா மூணு பத்தாதுங்க. அவரு மார்க் போட்ட எட்டையும் நான் முதல்ல இருந்து கேக்கோணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போய்ச் சேர்ந்த மனிதரையே செக்கிங் செய்வதா என்று வாய்வரை வந்துவிட்டது. ஜெபக்கனி அக்கா எழுந்தார். உள்ளே போய் அண்ணனின் ஹெட்போனை எடுத்து வந்து பிரியங்காவின் கையில் வைத்தார்.

ஆகவே, தோழர்களே, இந்த மேடையில் உறுதி கூறுகிறேன். பதினொன்றையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கேட்போம். அண்ணன் போட்ட மார்க்கில் பிழை இருந்தால், இதே மேடையில் அவர் பேரைச் சொல்லியே திருத்துவோம். அருள்செல்வன் அண்ணனுக்குச் செய்ய இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.