மொட்டை மாடியில ஆரோ நிக்கிறாங்க

– நஸ்ரி, இதுக்கு மேலயும் படி கிடக்கோ? இருட்டில ஒண்டும் தெரியேல்ல மச்சான்.

– இன்னும் ஒரு மாடிதான் றிக்சன். செவரப் புடிச்சிட்டு வா. இடப்பக்கம் கைபிடி இல்ல, பாத்து.

– கைபிடி இல்லையோ! மாதாவே! கட்டி முடிக்காத ஹோட்டலுக்குள்ள விழுந்து சாகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?

– வந்துட்டம், வந்துட்டம். தலைய நிமித்திப் பாரன். சொல்லி வேலையில்ல என்ன!

– அட...

– ஓர்ஸ் ஹில் ஊரு முழுக்க நம்மட காலுக்குக் கீழ மச்சான்.

– பொறு பொறு. அந்தா கடல். அதில லைட்டோட நிக்கிறது கப்பல். அப்ப ஹாபர் அதுதானே?

– அது வெளிக்கடல். ஹாபர் ஒனக்குப் பின்னால.

– பின்னாலயும் கடலோ? அப்ப என்ர வீடு எந்தப் பக்கம்? இந்த ஊரிலயே பிறந்தனான், ஒண்டும் விளங்கேல்லயடா.

– மொதல்ல ஏறக்குள்ள எனக்கும் அப்பிடித்தான். ரெண்டு பக்கமும் தண்ணி, தல சுத்தும். இங்கால திரும்பு. தண்ணிக்கு மேல வரிசையாப் போகுது பாரு, அது கிண்ணியாப் பாலம். அங்கால பளிச்செண்டு நிக்கிறது சீனன்குடா கோதும மா மில். போனத் தா, வீடியோ எடுப்பம்.

– வீடியோவோ? தண்ணி டாங்கியில ஏறி எடுத்ததை உன்ர வாப்பா பாத்திட்டு என்ன சொன்னவர்? மறந்திட்டியோ?

– மறப்பனா? திரும்ப எங்கயும் ஏறினா பைக்க வித்துட்டு என்னக் குருநாகல் மாமாட கடையில விடுவாராம். அங்க நிண்டு ஆணி நிறுக்கட்டாம். வாப்பா சொன்னாச் செய்வாரு மச்சான்.

– அப்ப ஏனடா வந்தனி?

– ஏலாது மச்சான். கீழயே நிண்டா மூச்சு முட்டுது. வாப்பாக்கு அது விளங்காது. கதிரையில ஏறி பல்ப் மாத்தவே என்னத்தான் கூப்புடுவாரு.

– நஸ்ரி, அங்க பார்! எங்கட வீட்டு ஒழுங்கையால லைட் லைட்டா வருது. ஓ, ஒக்டோபர் எல்லே! செபமாலை மாதம். மாதா சுரூபத்தை வீடு வீடாக் கொண்டு போவினம். அம்மாவும் நிப்பா. ஹோய்! அம்மா!

– டேய், டோர்ச்ச ஆட்டாத!

– ஏன், அவையும் கை காட்டினம்.

– கையில்லடா, அது பொல்லுத் தடி.

– செபமாலைக்கு ஏன் பொல்லு?

– பொறு, உம்மா கோல் எடுக்குறா. ஹலோ உம்மா... றிக்சனோட கடைத்தெருவுல நிக்கிறன்... என்ன? ஆரு கண்ட?... நேத்துமா?... வாப்பா எங்க? இன்னும் பள்ளிவாசலால வரல்லியா?... சரி சரி, நீங்க கதவப் பூட்டுங்க.

– என்னவாம்?

– இந்தக் கட்டடத்துக்கு மேல கிறீஸ் பூதம் நிக்குதாம். ஊரே பொல்லோட வருதாம். என்ன வீட்ட ஓடி வரட்டாம்.

– உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வாற கள்ளனோ? ஐயோ, நானெல்லோ டோர்ச்சை ஆட்டினனான்!

– நேத்தும் முந்தநாளும் இங்க சின்னதா ஒரு வெளிச்சம் கண்டாங்களாம்.

– நேற்று நாங்கள் வரேல்லயே.

– அதான் எனக்கும் விளங்கல்ல.

– அப்ப உண்மையாவே ஒண்டு இங்க நிக்குதோ?

– சும்மா இரு... கேக்குதா?

– படியில ஆரோ வாறாங்கள். மச்சான், பூதமோ, ஊர்ச்சனமோ?

– ஊர்ச்சனமெண்டா வாப்பாட காதுக்குப் போயிரும். பூதமெண்டாப் பரவாயில்ல.

– விசர்க்கதை கதையாத! ஆரது? கிட்ட வராத, கல்லால எறிவன்!

– எறியாத றிக்சன், எறியாத! ...வாப்பா?

– மெதுவாக் கதை மகன். லைட்ட நூத்துட்டு ரெண்டு பேரும் இந்தச் செவருக்குப் பின்னால வாங்க. நேத்து நான் இங்க ஏறி நிக்கக்குள்ள என்னயும் இப்பிடித்தான் தேடினவனுகள். ஒங்கட உம்மாட்ட மட்டும் சொல்லிராத.