ஒரு காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

தவளக்குப்பத்தில் ஏறிய இளம் தம்பதி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்ந்ததும் கணவர் சொன்னது காதில் விழுந்தது.

“ஒரு காதுக்கு எதுக்குடி ரெண்டு ஸ்பீக்கர்?”

போன வருஷம் காய்ச்சலில் அவருக்கு வலது காது கேட்காமல் போனதும், வீட்டிலேயே பாட்டு மிக்சிங் செய்துவந்ததை அதோடு நிறுத்திவிட்டதும் பேச்சிலிருந்து புரிந்தது.

“ஹெட்போன் போட்டா பாதிப் பாட்டு காணாமப் போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்பீக்கர்னா ரெண்டு பக்கத்துச் சத்தமும் இடது காதுக்கு வந்துடுமில்ல?”

“வரும். ஆனா எது எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதே.”

“அத நான் சொல்றேன். பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினார்.

“நம்ம ரூமுக்குச் சின்ன ஸ்பீக்கரே போதும். ஆனா செவுத்த ஒட்டி வெச்சா கும்முனு அடிக்கும். தள்ளி வெக்க எடம் வேணும்னா அந்த பீரோவ நகத்தணும்.”

“காலையிலயே நகத்திட்டேன்” என்றாள் அவள்.