ஐந்துக்கு ஒன்பது

1997 ஜூலை 18, மாலை ஆறு மணிக்கு ரேடியோ அறையில் இருந்தவர்கள்: விரிவுரையாளர் குருநாதன், இறுதியாண்டு மாணவி பூமயில், இரவுக் காவலாளி பால்சாமி. பால்சாமி நான். நாற்காலி நான்கு இருந்தது, நான் உட்காரவில்லை.

கடலில் இருவர். பூமயிலின் வகுப்பு மாணவன் சுஐபு, அவன் மாமா மீரா சாகிபு. மண்டபம் வடக்குக் கரையிலிருந்து வள்ளத்தில் போயிருந்தார்கள். சுஐபு தான் செய்த அமெச்சூர் ரேடியோவில் ஆறு மணிக்குப் பேச வேண்டும். அது உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரியில் கேட்க வேண்டும். கேட்டதைப் பூமயில் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். அதுதான் புராஜெக்ட்.

நானும் சுஐபோடு படித்தவன்தான். இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். அந்த ரேடியோவின் சர்க்யூட் நான் வரைந்தது. என்னிடம் கேட்டுத்தான் வாங்கினான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் புராஜெக்ட் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தான்: திரு. பால்சாமி, இரவுக் காவலர்.

ஐந்தரைக்கு மொட்டைமாடியில் ஏறி ஆண்டெனா வயரைக் கழற்றினேன். சோதனை ஒருமுறை தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறரை வரை வெறும் இரைச்சல்.

"என்னம்மா, மீனுக்குப் பாடம் நடத்தப் போயிட்டானா?" என்றார் குருநாதன்.

பூமயில் சிரிக்கவில்லை. "காத்து கடலைப் பாத்து அடிக்குது சார்."

"ரேடியோ நனைஞ்சிருக்கும். மாமா இருக்காருல்ல, கரைக்கு வந்துருவான்."

'சமிக்ஞை இல்லை' என்று எழுதவைத்தார். இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் வயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கீழே வந்தேன். அணைக்காமல் விட்ட ரேடியோவில் சுஐபு பேசிக்கொண்டிருந்தான்.

"மேடே, மேடே. பாம்பன் பாலத்துக்கு நேர் வடக்க இருக்கோம். எஞ்சின் நின்னுபோச்சு. பலகை விட்டுருச்சு, தண்ணி ஏறுது."

ஐந்துக்கு ஒன்பது. தெளிவுக்கு ஐந்து, வலுவுக்கு ஒன்பது; முழுத் தெளிவான குரலுக்கு ரேடியோக்காரர்கள் போடும் மதிப்பெண் அது. மீரா சாகிபு மூன்றாம் நாள் கரையொதுங்கினார், சுஐபு கிடைக்கவில்லை, காரணம் ரேடியோ கோளாறு என்று விசாரணையை முடித்திருக்கிறீர்கள். என் சர்க்யூட்டில் கோளாறு இல்லை. அதைத் திருத்தத்தான் ஐயா வந்தேன்.

உரிமம் இல்லாதவன் மைக்கைத் தொடக்கூடாது. ஆபத்தென்றால் யாரும் தொடலாம். இரண்டும் எனக்குத் தெரியும். பேசியிருந்தால், ஆறு மணிக்கு ஏன் கேட்கவில்லை என்று விசாரித்திருப்பார்கள்.

"ஏலே பால்சாமி, நீ வேலைக்கு வந்திருப்பல்ல. யாரையாச்சும் அனுப்பச் சொல்லுலே."

படியில் காலடி கேட்டது. சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். பூமயில்.

"மனசு கேக்கலண்ணே. ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லம்மா. பஸ்ஸு போயிரும், போ."

சத்தத்தைக் குறைத்தாலும் அவன் பேசப் பேச ரேடியோவில் சமிக்ஞையைக் காட்டும் முள் ஆடும். அவள் பார்த்துவிடாதபடி அதன் முன்னால் நின்றேன்.

"கடைசியா ஒருவாட்டி கூப்பிட்டுப் பாக்கட்டாண்ணே?"

"நேரமாச்சும்மா."

ஏழு மணிக்குள் அந்த அறையைப் பூட்ட வேண்டும் என்பது கல்லூரி விதி. விதியை நான் மீறியதில்லை. முள் ஆடிக்கொண்டிருந்தது. அவளை முன்னால் போகவிட்டு, நானும் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.