எல்லார் தோலிலும் இருக்கும் கிருமி

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ் போளூரைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் எக்ஸ்ரே கவர்.

"எல்லார் தோல்லயும் இருக்கற கிருமிதானாம், அண்ணி. உங்க உடம்புலயும் இருக்குமாம்" என்றாள் இளையவள்.

மற்றவள் சட்டென்று திரும்பினாள். "அப்ப டிபி இல்லியா?"

"இல்லவே இல்லியாம். யாருக்கும் ஒட்டாதாம். அது பாட்டுக்குச் சும்மா இருக்கற கிருமி. என் உடம்பு அதை எதிரினு நெனச்சு, சுத்தி வளைச்சு, நுரையீரல் பூரா சின்னச் சின்னக் கட்டியாக்கிடுச்சாம். அப்படி இருக்கலாம்னுதான் டாக்டர் சொல்றாரு, முடிவாத் தெரியலியாம்."

அண்ணி எக்ஸ்ரே கவரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருவண்ணாமலை நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"எட்டு மாசமா உம் புள்ளைய உங்கிட்டயே தராம வெச்சிருந்துட்டேனேடி."

"அவனுக்கு ஒட்டிக்கக் கூடாதுனுதானே, அண்ணி. ஆனா இப்ப நான் தூக்கினா அழறான். உங்களைத்தான் அம்மான்றான்."

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இருவரும் எழுந்தார்கள்.

"நாளைக்கு நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். பத்து நாள் கழிச்சு வரேன்" என்றாள் அண்ணி.

"ஐயோ, உங்களைத் தேடி அழுவானே!"

"அழட்டும். உங்கிட்டயே அழட்டும்."