மன்னிப்புக் கேட்கப் போன தம்பி

நீதிமன்றத்துக்குப் போகும் பேருந்தில், என் பின்னிருக்கைப் பெண் தம்பியிடம் கத்தியதில், என்னோடு பதினான்கு பேர் திரும்பிப் பார்த்தோம்.

“பக்கத்து வீட்டுக்காரனுக்கு அடிச்சாய். இனி அவன்ர வாசலுக்கும் போகமாட்டாய் எண்டு கோர்ட்டில சொல்லி, மகளின்ர படிப்புக் காசைக் கட்டிப் பிணை நிண்டனான். பிறகேன் போனனீ?”

“மன்னிப்புக் கேக்கத்தான் அக்கா. மாம்பழப் பெட்டியும் கொண்டு போனனான்.”

“அவன் என்ன சொன்னவன்?”

“பெட்டியை வாங்கி உள்ள வைச்சிட்டுப் பொலிசுக்குப் போன் அடிச்சவன்.”

“விசரா! இப்ப கோர்ட் அந்தக் காசு முழுக்கப் பறிக்கப் போகுது.”

“நல்ல மனசோடதானே போனனான்.”

“நான் பிணையிலயிருந்து விலகப் போறன். நீ உள்ளுக்கை இரு.”

“அம்மா கேட்டா என்ன சொல்லுவாய்?”

“நல்ல மனசோட மறியலுக்குப் போனவன் எண்டு சொல்லுறன். எழும்பு, இறங்குவம்.”