பூவாடைக்காரிக்கு வைத்த சேலை

சேலை எடுப்பதில் எனக்கு நல்ல கண் உண்டு. தருமபுரியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் மற்ற ஆண்களைப் போல என்னைக் கீழே உட்கார வைத்து டீ வாங்கித் தருவதில்லை. மாடிக்குக் கூப்பிட்டு அடுக்கைப் பிரித்துப் போடுவார்கள். நீங்கள் அடையாளம் கேட்டபோது நான் தயங்காமல் சொன்னது அதனால்தான். நாவல்பழ நிறம், மஞ்சள் கரை, முந்தானையில் சின்னச் சின்ன மாங்காய். மாநிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

நீங்கள் எழுதிக்கொண்டதில் தப்பு ஒன்றும் இல்லை, மேடம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் எவனும் மோசமானவனாகத்தான் தெரிவான். முதலிலிருந்து சொல்கிறேன்.

அமுதவல்லி என் தங்கை. பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. களை எடுக்கும்போது வரும், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வரும். வந்து போனபின் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்வாள். மற்றபடி புத்தியில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு வழக்கை எல்லாம் அவள்தான் மனசில் வைத்திருப்பாள்.

அப்பா இறந்தபின் வீட்டுக்கு நான் பெரியவன். எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், சாப்பிட்டார்கள், தங்கையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அடுத்தது மாதம்மாள் வீடு. அவளுடைய அப்பா ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். "தங்கச்சிய ஒரு வழி பண்ணிட்டு அப்பறமாச் சொல்லியனுப்புங்க. இல்லீன்னா நாளைக்கி அது எங்க புள்ள தலமேலதான வந்து வுடியும்" என்றார். அதில் நியாயம் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு அமுதாவைப் பெங்களூருக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போனேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல இருக்கலாம், கல்யாணமும் செய்துவைக்கலாம் என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. திரும்பும்போது நாங்கள் ஊரில் இறங்கவில்லை. அரூர் போய், திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, வழியில் இருந்த ஒரு காப்பகத்தில் அவளைச் சேர்த்தேன். நல்ல இடம். வேப்பமர நிழல், வேளைக்குச் சாப்பாடு. அவளிடம் இது வைத்தியத்தில் அடுத்த கட்டம் என்றேன். அவர்களிடம், இவளுக்கு உறவு என்று இருப்பது அண்ணன் நான் ஒருவன்தான் என்றேன். வந்து பார்க்கப்போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் அது பொய்யாகாது.

வீட்டில், ஆஸ்பத்திரியிலேயே வலிப்பு வந்து போய்விட்டாள், உடம்பைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அஸ்தி ஒரு செம்பில் இருந்தது. வழியில் ஒரு கரும்பாலை அடுப்பிலிருந்து அள்ளியது. அதைக் கரைக்க ஒகேனக்கல் போனபோது, எங்களைப் பெற்ற ஆத்தா பஸ்ஸில் செம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன்டா சாமி, எம்புள்ள இத்தினி லேசா இருக்கறா" என்று கேட்டாள். சாம்பல் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கல்யாணமாகாத பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்திருந்தது. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அது காரணமில்லை. கிணற்றோடு இருந்த நிலத்துக்குப் பக்கத்தில் பின்னால் நான்குவழிச் சாலை வந்ததற்கும் நான் பொறுப்பில்லை. வாரிசுச் சான்றிதழுக்குச் சாட்சி சொன்ன பங்காளிகள் யாரும் பொய் சொல்லவில்லை. அவள் போனதற்கு அழுதவர்கள் அவர்கள்.

கல்யாணமாகாமல் இறந்த பெண் எங்கள் பக்கத்தில் சும்மா போய்விடுவதில்லை. பூவாடைக்காரியாகி வீட்டைக் காப்பாள். ஆடியில் ஒருமுறை, பங்காளி வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அதற்கு முன் ஒருமுறை, கிணற்றடியில் பம்பை அடித்து அவளை அழைத்து, கரகம் ஜோடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும். அமுதாவுக்கு முதல் படையல் என் கல்யாணத்துக்கு முன் நடந்தது. பெரியப்பா மகள் காசியம்மாள் மேல் அவள் இறங்கினாள். "நான் நல்லாத்தான் இருக்கறன், எனக்கொரு கொறையும் இல்ல" என்றாள். முந்தின வாரம்தான் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காசியம்மாள் சொன்னது ஏறக்குறைய சரி.

படைத்த சேலையை மற்ற வீடுகளில் வீட்டுப் பெண்களே கட்டிக்கொள்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவள் பெயரில் வைத்தது அவளுக்குத்தான் போக வேண்டும். ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். சாமிக்கு வைத்தது சாமிக்குப் போய்ச் சேர்ந்த வீடு எங்கள் வீடு. அதை யார் முன்னாலும் சொல்வேன்.

"எப்பண்ணா வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவ?" என்று ஆரம்பத்தில் கேட்பாள். ஆத்தாவுக்கு உடம்பு சரியாகட்டும் என்பேன். காப்பகத்தில் தீபாவளிக்குக் கொடுக்கும் சேலையை இரண்டு தடவை கட்டிவிட்டு, துவைத்து மடித்து என்னிடம் நீட்டுவாள். "எனக்குத்தான் நீ குடுக்கறியே, இத ஆத்தாளுக்குக் குடு." ஒரு தடவை கொடுத்தேன், கோயில் ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி. ஆத்தா அதை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "அமுதா வாசமடிக்குதுடா" என்றாள். பிறகு நான் அப்படிச் செய்யவில்லை. வயதானவர்களைக் கலங்க வைக்கக் கூடாது. ஆத்தா இறந்ததை அமுதாவிடம் நான் சொல்லாததும் அதே மாதிரிதான். வலிப்பு நின்று வருடக்கணக்கான பின் அவள் வீட்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். அங்கே பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாதம்மாளுக்கு வேறு சந்தேகம். புதுச்சேலையைத் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் அரூர் பஸ் ஏறுகிற புருஷனைப் பற்றி எந்த மனைவியும் நினைப்பதுதான். கடையில் என் பக்கத்தில் நின்று, "இந்த நெறம் எடுக்குமாங்க அந்தம்மாளுக்கு? ஆளு கொஞ்சம் கறுப்போ?" என்பாள். சேலையைப் பிரித்துக் காட்டுகிறவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கரையைத் திருப்பிப் பார்ப்பேன். அவள் அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நினைத்துக்கொண்டே எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் சோறு போட்டாள். பொறுமைசாலி.

எங்கள் மகள் கோகிலவாணி அவளைப் போல இல்லை. ஓசூரில் கம்பெனி வேலை. வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தோம். வரவேற்பில் பெரிய திரையில் குடும்பத்தின் கதையைக் காட்ட வேண்டும் என்று பழைய ஆல்பங்களை எல்லாம் எடுத்தாள். கல்யாண வீடியோ கேசட்டுகளை வெளியே கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொரு படையலிலும் கரகத்துக்கு முன்னால் ஒரு புதுச்சேலை. அதற்குப் பிந்தைய எந்தக் காதுகுத்திலும் எந்த வளைகாப்பிலும் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மேலும் அது இல்லை. தாயிடம் கேட்டிருக்கிறாள். தாய் தன் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறாள்.

தன் கல்யாணப் படையலுக்கு வைக்கும் சேலைக்குத் தானே ஃபால்ஸ் தைக்கிறேன் என்று கோகிலா வாங்கிக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஃபால்ஸின் உள்பக்கம் தன் போன் நம்பரை நூலால் தைத்திருக்கிறாள். எவளோ ஒருத்தி கூப்பிடட்டும், நாலு கேள்வி கேட்கலாம் என்று. படையல் முடிந்து நான் வழக்கம் போலச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே போன் வந்திருக்கிறது.

"இந்த நெம்பரு ஆருது?"

"எங்கப்பன் குடுத்த சேலையக் கட்டிக்கிட்டு என்னையவே ஆருன்னு கேக்கறீங்களா? நீங்க ஆரு மொதல்ல?"

"அப்ப நீ எங்கண்ணன் புள்ளயா கண்ணு? நான் உங்கத்த. அமுதா."

கோகிலா போனைக் கீழே போட்டுவிட்டாள். போன வெள்ளிக்கிழமை கும்பிட்ட சாமி போனில் பேசினால் யாரும் போட்டுவிடுவார்கள். பிறகு எடுத்து வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.

அன்று சாப்பிடும்போது என் எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கத்தவில்லை. "நான் ஒண்ணுமே கேக்கப் போறதில்லப்பா. அத்த மணவறைல எம்பக்கத்துல நிக்கணும். அவ்ளோதான்." நானே போய் அழைத்து வருகிறேன், அண்ணன் போவதுதான் முறை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இந்த இடத்தில் நீங்கள் யோசிக்க வேண்டும். எத்தனையோ பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அமுதாவைக் கும்பிட்டுத்தான் தாலி கட்டியிருக்கிறது. அவள் பெயரைச் சொல்லித் திருநீறு பூசித்தான் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அவள் மாத்திரை டப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தால், இவர்கள் எல்லோரும் இத்தனை நாள் யாரைக் கும்பிட்டார்கள்? மாப்பிள்ளை வீட்டாரும் ஊரும் என்னைப் பற்றி என்ன சொல்லும் என்பது அதற்கு அடுத்ததுதான்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனேன். அண்ணன் மகள் கல்யாணம் என்றதும் அங்கிருந்த பெண்கள் அவளுக்குத் தலை பின்னிப் பூ வைத்தார்கள். "அமுதாவுக்குத்தான் கண்ணாலமாட்டம் இருக்குது" என்று ஒருத்தி சொல்ல, "போடி, இந்த வயசுல என்ன எவன் கட்டுவான்" என்று அமுதா சிரித்தாள். பொறுப்பாளர் அம்மா ஆதார் அட்டையையும் மாத்திரையையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "வேள தவறாமக் குடுத்துருங்க சார்" என்றார்.

தருமபுரியில் இறங்கி ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, நம்ம ஊருக்கு ரயிலு வுட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எந்த வண்டி என்று கேட்டீர்கள். நான் பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், யாராவது கேட்கும்போது தெரியாது என்று சொல்வது பொய்யாகிவிடும். வடக்கே வெகுதூரம் போகும் வண்டி என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன். வாங்கவும் செய்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கையை நீட்டினாள், பாட்டிலை வாங்க என்று நினைக்கிறேன். பை என் தோளிலேயே இருந்துவிட்டது. அது மறதிதான்.

கோகிலா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அமுதா வரவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் கோகிலா காப்பகத்துக்குப் போன் போட்டுவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். மாதம்மாள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "வேற பொம்பளையாவே இருந்திருக்கக் கூடாதாங்க?" கல்யாணத்தை நிறுத்தியது கோகிலாதான், நான் இல்லை. அவள் நல்லதுக்குத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது அவளுக்குப் புரியவில்லை.

இப்போது அவள் போனைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லையாம். புது நம்பர் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாளாம். எந்த ஊராக இருந்தாலும் சேலையைப் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள் என்று நம்புகிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று காப்பகத்தில் அமுதா குளிக்கப் போயிருந்தபோது, கட்டிக்கொண்டு வருவதற்காக எடுத்து வைத்த அந்தச் சேலை கட்டில்மேல் மடித்துக் கிடந்தது. நான் சட்டைப்பையில் பிளேடு கொண்டுபோயிருந்தேன். அந்த நம்பரை ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். துணியில் ஒரு இழைகூட அறுபடவில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. இந்த வருடத்துச் சேலையை முன்னமே எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன், இலைப்பச்சை. அவள் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மேடம். சாமிக்கு வைத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.